தூய உணவும் தேய்ந்த கைகளும்

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முந்திய பயானில் உணவைப் பற்றிப் பேசும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கொல்லையில் விளைந்த கீரையையும், தவிடு போகாத அரிசியையும், அம்மியில் அரைத்த மசாலையையும் கைவிட்டுவிட்டுக் கடைப் பொட்டலங்களுக்கு அடிமையாகிவிட்டோம் என்று சற்று உரத்த குரலிலேயே இடித்துரைத்தோம். பெரியவர்கள் தலையசைத்துக் கேட்டனர். தொழுகை முடிந்ததும் இருவர் கைகொடுத்துப் பாராட்டவும் செய்தனர். மனநிறைவோடு வீடு திரும்பினோம்.

சோறு பரிமாறிவிட்டு நம் வீட்டார் மெல்லச் சொன்னார்: “இன்றைய பயான் ஒலிபெருக்கியில் தெரு முழுக்கக் கேட்டது. அடுத்த வீட்டு ராத்தா உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார்.”

ஏதேனும் மஸ்அலாவாக இருக்கும் என்றெண்ணி, “தாராளமாகக் கேட்கட்டுமே” என்றோம்.

“உங்கள் வீட்டு அம்மி எங்கே கிடக்கிறது என்று ஹஜ்ரத்துக்குத் தெரியுமா, கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.”

நமக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்குக் கிதாபு நடத்திய நாம், அன்று அந்த ஒரு கேள்விக்கு விடையின்றிக் கையலம்பி எழுந்தோம். அந்தக் கேள்வி நம்மை விட்டு எளிதில் போகவில்லை. தூய உணவு என்று நாம் மிம்பர் அருகே நின்று பேசியது எதனை? அந்தத் தூய்மை சட்டியில் உள்ள பொருளோடு முடிந்துவிடுகிறதா, அதனைச் சமைத்த கை வரை நீள்கிறதா? இக்கட்டுரை அக்கேள்விக்கு நாம் தேடிய விடையாகும்.

முதலில், பயானில் நாம் சொன்னவை தவறல்ல என்பதைப் பதிவு செய்துவிடுவோம். திருமறையின் பகரா அத்தியாயம், பூமியில் உள்ளவற்றில் ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணுமாறு மனித குலம் முழுமையையும் அழைக்கின்றது. ஹலால் என்பது அனுமதிக்கப்பட்டது. தய்யிப் என்பது தூயது, நல்லது, மனத்துக்கும் உடலுக்கும் இனியது. இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. நாமோ முதற்சொல்லை விசாரிப்பதில் காட்டும் அக்கறையை இரண்டாம் சொல்லில் காட்டுவதில்லை. அறுத்தவர் பிஸ்மில்லாஹ் சொன்னாரா என்று கேட்போம். நல்லதுதான், கேட்க வேண்டியதுதான். ஆனால் அதே இறைச்சியோடு உண்ணும் சோற்றில் சத்து ஏதேனும் மிஞ்சியுள்ளதா என்று எவரும் கேட்பதில்லை.

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம் பிற்காலத்தார் ஒருவர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சலித்த வெண்மாவை உண்டார்களா என்று வினவினார். பெருமானார் நபித்துவம் பெற்றது முதல் மறையும் வரை அத்தகைய மாவைக் கண்டதே இல்லை என்றும், சல்லடையும் அக்காலத்தில் தங்களிடம் இல்லை என்றும் ஸஹ்ல் (ரலி) விடையளித்தார்கள். அப்படியாயின் வாற்கோதுமையை எவ்வாறு உண்டீர்கள் என்று கேட்டபோது, அரைத்து வாயால் ஊதுவோம், பறப்பது பறந்துவிடும், எஞ்சியதைப் பிசைந்து உண்போம் என்ற கருத்தில் சொன்னார்கள். இச்செய்தி புகாரியில் உள்ளது. உமியில் ஒரு பகுதி பறந்தது; தவிடு தங்கியது. உலகின் அருள்வடிவான திருத்தூதரின் இல்லத்தில் உண்ணப்பட்ட மாவு அது.

தவிட்டின் அருமையை உலகம் பிற்காலத்தில் நோயின் வழியாகக் கற்றுக்கொண்டது. 1890-களில், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்குத் தீட்டிய வெள்ளரிசிச் சோறு போடப்பட்ட காலத்தில் அவை கால் விளங்காமல் சாய்ந்தன. தவிடு நீங்காத அரிசிக்கு மாற்றியதும் எழுந்து நடந்தன. அந்த வழியில் தொடர்ந்த ஆராய்ச்சிகளே பி-1 உயிர்ச்சத்தைக் கண்டறிய வழிவகுத்தன. 1929-இல் ஐக்மனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இதற்கிடையில் 1905-இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெச்சர் என்ற மருத்துவர் அங்கிருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தீட்டிய சயாம் பச்சரிசியும், மறு பிரிவினருக்கு இந்தியப் புழுங்கலரிசியும் வழங்கிப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களையே பெரிபெரி வாட்டியது. மலாயாவில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் அந்நோய்க்குப் பெரும்பாலும் தப்பியதன் காரணமும் இதுவே. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது மேற்புறத்துச் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. கடல் கடந்து பொருள் தேடச் சென்ற நம் முன்னோரின் உயிரைக் காத்ததில், நெல் அவித்த நம் பாட்டிமாரின் கைக்கும் பங்குண்டு.

கொல்லையும் அவ்வாறே. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, கிணற்றடி ஈரத்தில் புதினா, வேலியில் தூதுவளை, கழிவுநீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் வாழை, கூரையில் படர்ந்த சுரைக்கொடி — இவை இல்லாத முஸ்லிம் வீடு ஒரு காலத்தில் நம் ஊர்களில் அரிது. விலை கொடுத்து வாங்காத அந்த முருங்கைக் கீரையில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்திருக்கின்றன. சுரைக்காயோ பெருமானார் விரும்பி உண்டது. தையற்காரர் ஒருவர் அளித்த விருந்தில் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளை அவர்கள் தேடி எடுத்து உண்டதைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், அன்று முதல் தாமும் சுரைக்காயை விரும்பலானார்கள் என்று ஹதீஸ் கூறுகின்றது. நம் வீட்டுச் சுரைக்காய் ஆணத்துக்கு அதனால் ஒரு தனி மணமே வந்துவிடுகிறது.

இவ்வளவும் பயானில் சொன்னோம். சொல்லாமல் விட்டவை எவை என்பதே இனி நம் விசாரணை.

முதலாவது: பழைய உணவைப் புகழ்வோர் அதனை மார்க்கமாகவே ஆக்கிவிடும் ஆபத்து உண்டு. கீரை தன்னளவில் புனிதமும் அன்று, இழிவும் அன்று. மூஸா நபி (அலை) அவர்களின் கூட்டத்தார், வானத்திலிருந்து மன்னுவும் ஸல்வாவும் இறங்கிய காலத்தில், கீரையும் வெள்ளரியும் பருப்பும் வெங்காயமும் வேண்டும் என்று கேட்டு நின்றதைத் திருமறை எடுத்துரைக்கின்றது. அவர்கள் கண்டிக்கப்பட்டது கீரையைக் கேட்டதற்காக அன்று; கையிலிருந்த அருட்கொடையை மதியாத மனத்துக்காகவே. அவ்வாறே, ஓர் இலையின் மருத்துவ குணத்தைச் சொல்லிவிட்டு உடனே அதன்மேல் நபிவழி என்ற முத்திரையைக் குத்தி விற்பதும் முறையன்று. பேரீச்சை மரத்து மகரந்தச் சேர்க்கை பற்றிய செய்தியில், உங்கள் உலக விவகாரத்தை நீங்களே நன்கறிவீர்கள் என்ற கருத்தைப் பெருமானாரே தோட்டக்காரர்களிடம் கூறினார்கள். ஹிஜ்ரி 808-இல் மறைந்த இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், நாயகம் அனுப்பப்பட்டது மார்க்கத்தைக் கற்பிக்கவே, மருத்துவம் கற்பிக்க அன்று என்று தெளிவாகவே எழுதிவைத்தார். ஆகவே தவிட்டரிசி உண்பவர் உடலுக்கு நன்மை தேடுகிறார். அதனால் மட்டும் அவர் வெள்ளரிசி உண்பவரைவிட நல்ல முஸ்லிம் ஆகிவிடுவதில்லை.

இரண்டாவது: இயந்திரத்தின் மீது நாம் சுமத்திய பழி. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் உண்ணும் ஒழுக்கங்கள் பற்றிய பகுதியில் இதனை அழகாக ஆராய்கின்றார்கள். நபிகளாருக்குப் பின் புதிதாகத் தோன்றியவை நான்கு என்று முன்னோர் கூறுவர்: உணவு வைக்கும் உயர்ந்த மேசை, சல்லடை, கைகழுவும் உஷ்னான் பொடி, வயிறு புடைக்க உண்ணல். இவை புதியவை என்பதாலேயே விலக்கப்பட்டவை ஆகிவிடா என்கின்றார்கள் இமாமவர்கள். மேசை உண்பதற்கு வசதி. உஷ்னான் சுத்தத்துக்கு உதவி. சல்லடை உணவை இனிதாக்குவதற்கு, அது அளவுகடந்த சுகபோகத்தில் கொண்டுபோய் விடாத வரையில் ஆகுமானதே. நான்கிலும் கடுமையானது வயிறு புடைக்க உண்பதுதான் என்று முடிக்கின்றார்கள். இந்தத் தராசில் நம் பேச்சை நிறுத்துப் பார்த்தோம். நெல் ஆலை உலக்கையின் பாரத்தைப் பெண்களின் தோளிலிருந்து இறக்கியது, அது அருள். அரிசி பளபளக்கும் வரை தீட்டச் சொன்னது ஆலை அன்று. வெண்மையின் மேல் நாம் கொண்ட மோகம். விருந்தில் சோறு மல்லிகைப்பூவாக இல்லையென்றால் முகம் சுளித்தவர்கள் நாமே. ஒரே ஆலையில் குறைவாகவும் தீட்டலாம். கல்லில் அரைத்தாலும் மின்விசையில் அரைத்தாலும் புதினாவின் குணம் பெரிதும் மாறுவதில்லை. நாம் இழந்தது அம்மியை அன்று. எது போதும் என்ற அளவை.

மூன்றாவதே அடுத்த வீட்டு ராத்தா கேட்டது. அதுவே மிகப் பெரியது.

பழைய சமையல் என்று நாம் உருகிச் சொல்வதன் உள்ளே எவ்வளவு வேலை இருக்கின்றது என்று ஆண்களாகிய நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? ஒரு வேளைக்கு வேண்டிய முருங்கைக் கீரையை ஈர்க்கு இல்லாமல் ஆய்ந்தெடுக்க ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகின்றது. நெல் அவிக்கவேண்டுமாயின் இரவே ஊறவைத்து, விடியுமுன் அடுப்பு மூட்டி, வெயிலில் பரப்பி, கோழி வராமல் காத்து, காலால் கிளறிவிட வேண்டும். உலக்கை பிடித்த கை காய்த்துப்போகும். விறகுப் புகை கண்ணை எரிக்கும். இவ்வளவும் செய்தவர்கள் பெரும்பாலும் பந்தியில் கடைசியாக உண்டார்கள்; சட்டியில் மிஞ்சியதை உண்டார்கள். அந்த உணவின் தூய்மையை நாம் புகழ்ந்தோம். அந்த உணவின் கணக்கை யார் தீர்த்தார்கள்?

இங்கே நாம் அன்னை பாத்திமா நாயகி (ரலி) அவர்களை நினைக்காமல் இருக்கவியலாது. திருகையில் மாவரைத்து அரைத்துத் தம் கைகள் நொந்ததைச் சொல்லி, ஒரு பணியாளை வேண்டித் தந்தையாரின் இல்லத்துக்குச் சென்றார்கள். நாயகம் (ஸல்) அவர்களைக் காணாமல், ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடம் செய்தியைச் சொல்லித் திரும்பினார்கள். இரவில் பெருமானாரே அவர்கள் இல்லம் வந்து, இருவருக்கும் நடுவில் அமர்ந்து, பணியாளைவிடச் சிறந்தது ஒன்றைக் கற்றுத் தருவதாகக் கூறி, படுக்கைக்குச் செல்லும்போது ஓத வேண்டிய தஸ்பீஹையும் தஹ்மீதையும் தக்பீரையும் கற்பித்தார்கள்.

இந்த வரலாற்றைப் பலமுறை நாம் மேடையில் கூறியிருக்கின்றோம். பெண்கள் பொறுமையோடு பாடுபட வேண்டும் என்பதற்குச் சான்றாகவே கூறியிருக்கின்றோம். இப்போது திரும்பிப் படிக்கும்போது அதில் நாம் காணாமல் விட்டவை கண்ணில் படுகின்றன. ஓர் அறிவிப்பின்படி, அலீ (ரலி) அவர்கள் நீர் இறைத்து இறைத்துத் தம் நெஞ்சு வலிப்பதாகச் சொன்ன பிறகே, பாத்திமா நாயகி (ரலி) தம் கைகளின் நிலையைச் சொன்னார்கள். அந்த வீட்டில் ஒருவர் உழைக்க மற்றவர் சாய்ந்திருக்கவில்லை. பணியாள் மறுக்கப்பட்டதற்கும், திண்ணைத் தோழர்கள் பசியால் வாடும்போது அவர்களை விட்டுவிட்டுத் தம் மகளுக்குத் தர இயலாது என்பதே காரணமாக அங்குச் சொல்லப்படுகின்றது. உழைப்பு அற்பமானது என்று நாயகம் சொல்லவில்லை. மகளின் கைவலியைக் கேட்டு இரவில் நடந்து வந்தார்கள். கற்றுத் தந்த திக்ரையும் மனைவிக்கு மட்டும் தரவில்லை. கணவருக்கும் சேர்த்தே தந்தார்கள். அலீ (ரலி) அதனைப் பிற்காலத்தில் ஓர் இரவும் விட்டதில்லை. பொறுமை என்ற சொல்லை மனைவியின் பக்கம் மட்டும் தள்ளிவிட்டு நாம் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது எந்தச் சுன்னத்து?

சட்டத்தின் பக்கமும் பார்ப்போம். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் நூலை ஷாஃபிஈ மத்ஹபு மத்ரஸாக்களில் ஓதாதவர் அரிது. ஜீவனாம்சம் பற்றிய பாடத்தில், கணவன் மனைவிக்குத் தானியம் அளிக்கக் கடமைப்பட்டவன். அதனை அரைப்பதும் ரொட்டி சுடுவதும் கூட, சரியான கருத்தின்படி, அவன் பொறுப்பே என்று அதில் காணப்படுகின்றது. ஹனஃபி மத்ஹபிலோ, வீட்டுச் சமையல் மனைவிக்கு மார்க்கப் பொறுப்பாகக் கூறப்பட்டாலும், நீதிபதி அவளைக் கட்டாயப்படுத்தும் உரிமையாக ஆக்கப்படவில்லை. இந்தப் பாடத்தை நாம் ஓதிக்கொடுத்த மாணவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பாடத்தை முடித்துவிட்டு வீடு வந்து, துவையலில் உப்புக் குறைவு என்று சொன்ன நாட்களும் உண்டு. பெருமானார் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விருப்பமிருந்தால் உண்டார்கள், இல்லையெனில் விட்டுவிட்டார்கள் என்ற அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு நமக்கு மனப்பாடம்தான். மனப்பாடமாக இருந்தது, அவ்வளவே.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். “வீட்டை மத்ஹபுக் கணக்கினால் நடத்த முடியுமா? அன்பினால் செய்யும் வேலைக்குக் கூலி பேசலாமா? நம் தாய்மார்கள் மனமுவந்து செய்தார்களே!” என்பர். நியாயமான மறுப்பு. அதற்கு விடையாக ஒரு மூதாட்டியை நினைவுகூர்வோம். இவரைப் பற்றியும் சொன்னவர் ஸஹ்ல் (ரலி) அவர்களே. புகாரியில் ஜும்ஆ பற்றிய பாடத்திலேயே இச்செய்தி இடம் பெற்றுள்ளது. மதீனாவில் ஒரு பெண்மணி தம் தோட்டத்து வாய்க்கால் கரைகளில் ஸில்க் என்னும் கீரையைப் பயிரிட்டிருந்தார். அது பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த அகன்ற இலைக்கீரை. வெள்ளிக்கிழமை வந்தால் அதன் வேர்களைப் பிடுங்கிச் சட்டியிலிட்டு, ஒரு கைப்பிடி வாற்கோதுமையை அரைத்துத் தூவி வேகவைப்பார். கொழுப்போ நெய்யோ அதில் இல்லை. இறைச்சிக்குப் பதில் அந்தக் கீரைத் தண்டே. தோழர்கள் ஜும்ஆ தொழுது திரும்புகையில் அவருக்கு ஸலாம் உரைப்பார்கள். அவர் அந்த உணவை அவர்கள் முன் வைப்பார். அந்த உணவுக்காகவே வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்திருப்போம் என்று ஸஹ்ல் (ரலி) மகிழ்ந்து கூறுகின்றார்கள்.

கொல்லைக் கீரை, தவிடு நீங்காத தானியம், எளிய அடுப்பு — நாம் பயானில் புகழ்ந்த உணவு இதுவேதான். அந்த மூதாட்டியின் பெயர் அச்செய்தியில் இல்லை; ஆனால் அவருடைய சட்டி ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக மணத்துக்கொண்டிருக்கின்றது. எதனால்? அவர் தோட்டம் அவருடையது. அவர் விருந்து அவர் விருப்பத்தால் எழுந்தது. எவரும் அவரிடம் அதனை உரிமையாகக் கேட்கவில்லை. வந்தவர்கள் குறை சொல்லவில்லை; வாரமெல்லாம் நன்றியோடு நினைத்தார்கள். அது கொடை. கொடையாக வரும் உழைப்புக்கும் தண்டமாகப் பிடுங்கப்படும் உழைப்புக்கும் வேறுபாடு உண்டு. சட்டியில் இரண்டும் ஒரே நிறம்தான், மீஸானில் ஒன்றல்ல. நம் தாய்மார்கள் மனமுவந்து செய்தார்கள் என்கின்றோம். மறுக்க வழியிருந்தவர் ஒப்புக்கொண்டாலன்றோ அதற்கு மனமுவத்தல் என்று பெயர்? அவர்களிடம் எவரேனும் கேட்டதுண்டா?

இங்கே ஷரீஅத்தின் ஒரு நுட்பம் நமக்கு வழிகாட்டுகின்றது. மழையாலும் ஊற்றாலும் விளைந்த விளைச்சலில் ஸகாத் பத்தில் ஒரு பங்கு. இறைத்து ஊற்றி விளைந்ததிலோ இருபதில் ஒரு பங்கு. நிலம் ஒன்றே, தானியம் ஒன்றே. மனிதன் பட்ட பாடு கூடியதால் கடமை பாதியாகக் குறைந்தது. இறைவனே தன் உரிமையைக் கணக்கிடும்போது அடியானின் முதுகு வலியைக் கணக்கில் சேர்க்கின்றான் என்றால், ஆணத்தை ருசி பார்க்கும் நாம் அதனைச் சேர்க்காமல் விடலாமா? தய்யிப் என்ற சொல்லின் பொருள் இங்கேதான் நமக்கு விரிந்தது. நஞ்சில்லாததும் சத்துள்ளதும் மட்டுமன்று தய்யிப். அதனை ஆக்கியவர் மனத்திலும் கசப்பு இல்லாதிருப்பதே அதன் நிறைவு.

ஆகவே கொல்லையை விட்டுவிடுங்கள், கடைப் பொட்டலத்துக்குப் போங்கள் என்று நாம் இப்போது சொல்ல வரவில்லை. கொல்லைக்குத் திரும்புங்கள், வீட்டார் அனைவரும் திரும்புங்கள் என்றே சொல்கின்றோம். ஆண்களால் ஆகுமா என்று நகைப்போர், ரமலானில் நம் பள்ளிவாசல்களின் பின்புறம் சென்று பார்க்கட்டும். ளுஹர் தொழுத கையோடு அடுப்பு மூட்டுகின்றார்கள். அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் கொதிக்க, மல்லியும் புதினாவும் கிள்ளிப் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, நீண்ட அகப்பையால் அடிபிடிக்காமல் துழாவுகின்றவர்கள் ஆண்களே. அஸருக்குப் பின் சிறுவர் சிறுமியர் தூக்குவாளியோடு வரிசையில் நிற்க, தெருவெல்லாம் கஞ்சி போகின்றது. ஏழை வீடு, பணக்கார வீடு, பல ஊர்களில் பிற சமயத்து அண்டை வீடு என்ற வேறுபாடின்றிப் போகின்றது. முழு உணவு, எளிய உணவு, பகிர்ந்த உணவு. முப்பது நாட்கள் நம்மால் ஆகும் ஒன்று, ஷவ்வால் பிறை கண்டதும் ஏன் நம் கையை விட்டுப் போய்விடுகின்றது? வீட்டில் இருக்கும்போது நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்ட ஆயிஷா நாயகி (ரலி), தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழச் செல்வார்கள் என்று விடையளித்தார்கள். அது ரமலானுக்கு மட்டும் உரிய விடை அன்று.

கொல்லையின் பங்கு வீட்டோடு முடிவதும் இல்லை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவனுக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபிமொழியின் கருத்து. ஆணம் காய்ச்சினால் அதில் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் அறிவுரை கூறினார்கள். நீரைக் கூட்டினால் ருசி சற்றுக் குறையும் என்பது அவர்கள் அறியாததா? குறையட்டும், அண்டை வீட்டுப் பசி அதைவிடப் பெரிது என்பதே அங்குள்ள அளவு. இன்று தவிட்டரிசியும் சிறுதானியமும் வசதி படைத்தோர் வீட்டுப் பெருமையாக மாறிவருவதைக் காண்கின்றோம். ஏழையின் உணவாக இருந்த கேழ்வரகு, அலங்காரப் பையில் புகுந்து ஏழைக்கு எட்டாத விலையில் நிற்கின்றது. அதனை உண்டுவிட்டு, மலிவான அரிசி உண்பவரை அறியாமையில் உள்ளவர் என்று கருதினால், சட்டியில் இருந்த தூய்மை நம் நாவிலேயே கெட்டுவிடும். முருங்கை மரம் மதிலுக்கு வெளியேயும் கிளை நீட்டுகின்றது. அந்தக் கிளையை வெட்டாமல் விடுவதும் ஒரு சமையற் குறிப்புத்தான்.

இனி நம் வீட்டுக் கணக்கைச் சொல்லி முடிப்போம். அம்மி அகப்பட்டது. கொல்லைக் கதவருகே துணி துவைக்கும் மேடைக்கு முட்டுக் கொடுத்துக் கவிழ்ந்து கிடந்தது. அதனை நிமிர்த்திக் கழுவி வைக்கலாமா என்று வீட்டாரிடம் கேட்டோம். “அது அங்கேயே கிடக்கட்டும். மேடை ஆடும். மிக்ஸி இருக்கிறது. உங்களுக்கு ஆசையாக இருந்தால் கீரை ஆய்ந்து தாருங்கள்” என்றார். அன்று முதல் வெள்ளிக்கிழமைகளில் காலைத் தொழுகைக்குப் பின் முருங்கைக் கீரை ஆய்வது நம் வேலையாயிற்று. முதல் வாரம் ஈர்க்கு மிகுந்திருந்தது. பேரப்பிள்ளைகள் வாயிலிருந்து எடுத்து எடுத்து வைத்தார்கள். எவரும் குறை சொல்லவில்லை என்பதை நாம் கவனித்துக்கொண்டோம். இப்போது ஓரளவு கை பழகிவிட்டது. புதினாவுக்கு அரிசி களைந்த நீரை ஊற்றுவது மூத்த பேரனின் பொறுப்பு. அரிசியை ஆலையில் பாதித் தீட்டலில் நிறுத்தி வாங்கி வருகின்றோம். மற்ற ஆறு நாட்களின் பாரம் இன்னும் பெரும்பாலும் வீட்டார் கையிலேயே இருக்கின்றது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஐம்பது கடந்தவனின் பழக்கம் ஒரு பயானில் மாறிவிடுவதில்லை.

சென்ற மாதம் அதே பொருளில் மீண்டும் பேசுமாறு ஜமாஅத்தார் கேட்டுக்கொண்டனர். பேசுமுன், அடுத்த வீட்டு ராத்தாவுக்கு ஒரு சட்டி முருங்கைக் கீரை ஆணம் கொடுத்தனுப்பினோம்; ஆய்ந்தவர் யார் என்பதையும் சொல்லச் சொன்னோம். சட்டி வெறுமையாகத் திரும்பவில்லை. உள்ளே ஒரு பிடி கறிவேப்பிலையும், கூடவே ஒரு செய்தியும் இருந்தன: “உப்பு அளவாக இருந்தது. இந்த வாரம் ஹஜ்ரத் தாராளமாகப் பேசலாம்.”

அல்லாஹ் நம் உணவையும் அதனை ஆக்கித் தரும் கைகளையும் தூய்மையாக்கி அருள்வானாக. ஆமீன்.